இரண்டு விதமாய்ப் பிள்ளை பெற்ற என் மகளுக்கு

மகளே,

நேரே சொல்ல வெளிக்கிட்டால் "விடுங்கோ அப்பா, காணும்" என்று கையை விசுக்கிவிட்டு நீ அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வருகிற திங்கட்கிழமை நீ மறுபடியும் வேலைக்குப் போகிறாய். சின்னவனை நேர்சரியில் விட்டுவிட்டு, ரெய்னர்ஸ் லேனில் ரெயின் ஏறி, பழையபடி கவுன்சில் கந்தோரில் உன் கதிரையில் போய் இருக்கப் போகிறாய். நான் நகரத்தின் தெற்கில், மிச்சம் என்கிற இடத்தில், என் வீட்டுக் குசினி மேசையில் இருக்கிறேன். நீங்கள் தாய்மார் கூடுகிற மண்டபத்தில் வாசிப்பதற்கு, "ஒரு அப்பாவாய் நீங்கள் பார்த்ததை எழுதித் தாங்கோவன்" என்று கேட்டாய். காலமெல்லாம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டினவன் நான். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும். சில இடங்களை எழுதும்போது உனக்குக் கூச்சமாய் இருக்குமோ என்று பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். பிறகுதான் விளங்கியது, இந்தக் கதையில் கூச்சப்பட்டதெல்லாம் நாங்கள்தான். நீ படவில்லை.

யாழினி பிறந்ததிலிருந்து தொடங்கவேண்டும். அது உன் முதற்பேறு. நோ தொடங்கி நெடுநேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. பிறகு பிள்ளையின் இதயத் துடிப்புக் குறைகிறது என்று சொல்லி, கட்டிலோடு உன்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வயிற்றை வெட்டி எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தீர்கள். அந்த டொக்டர்மாரை இன்றைக்கும் மனதுக்குள் கும்பிடுகிறேன். ஆசுப்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்தது நான். வேகத்தைக் குறைக்க வீதியில் கட்டிவைத்த மேடு ஒவ்வொன்றிலும் கார் ஏறி இறங்கும்போது, பின் சீற்றில் நீ தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாய். எத்தனை ஆயிரம் சனத்தை ஏற்றி இறக்கினவன், அன்றைக்குப் போல மெதுவாய் ஒருநாளும் ஓட்டியதில்லை. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். "அடிக்கட்டும், நீங்கள் மெல்லப் போங்கோ" என்றாள் உன் அம்மா.

அப்போது அம்மா இருந்தாள். உன்னைக் குளிக்க வார்த்தது, மல்லி, மிளகு, சீரகம் என்று சரக்கு அரைத்துக் கறி வைத்தது, இருமல் வந்தால் ஓடிவந்து தலையணையை எடுத்துத் தந்தது எல்லாம் அவள்தான். நான் கடைக்குப் போய் வருவேன், அவ்வளவுதான். உனக்கு வெட்டின நோவைவிட வேறொன்று நொந்தது என்பது எனக்கு வந்து போனவர்களின் பேச்சில்தான் தெரிந்தது. பிள்ளையைப் பார்க்க வந்த ஒரு அம்மணி தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன், நோமலாப் பெறேல்லையோ?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நீ எழும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாய். அந்தத் தண்ணீர் நெடுநேரம் ஓடியது. பிறகு அம்மாவிடம், "என்னாலை ஏலாமல் போச்சு" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. "உன்னாலை ஏலாமல் போகேல்லை பிள்ளை. அவளுக்கு மூச்சு முட்டினது, டொக்டர்மார் எடுத்தவை. இதிலை நீ தோத்தது எங்கை இருக்கு?" என்று அம்மா கேட்டாள். நீ தலையாட்டினாய். ஆனால் நம்பவில்லை என்று உன் முகம் சொன்னது.

யாழினி நடக்கத் தொடங்கின வருடம் அம்மா போய்விட்டாள். அதைப் பற்றி இங்கே நான் எழுதப் போவதில்லை. ஆனால் நீ இரண்டாவது முறை பிள்ளைத்தாய்ச்சி என்று சொன்னபோது, சந்தோசத்துக்குப் பின்னாலேயே எனக்கு வந்த நினைப்பு, இந்தமுறை ஆர் பார்க்கிறது என்பதுதான். மருமகன் செந்திலின் தாய் திருச்சியில், நடக்க முடியாத நிலையில் இருந்தா. மிச்சம் நான் ஒருவன். "நான் வந்து நிக்கிறன்" என்றேன். நீ சிரித்துவிட்டு, "உங்களுக்கு என்னப்பா தெரியும்?" என்று கேட்டாய். உண்மைதான். எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆசுப்பத்திரியில் டொக்டரைப் பார்க்கப் போன ஒருநாள் செந்திலுக்கு வேலை. உன்னோடு நான் வந்தேன். வெளியே இருக்கிறேன் என்றால் நீ விடவில்லை. டொக்டர் ஒரு இளம் பெண். இரண்டு வழியும் இருக்கிறது, நாள் குறித்து மறுபடி வெட்டி எடுக்கலாம், அல்லது நோ தானாக வர விட்டு முயன்று பார்க்கலாம் என்று விளங்கப்படுத்தினா. பழைய தழும்பு இருக்கிற இடத்தில் கருப்பை கிழியக்கூடும், அது அபூர்வமாகத்தான் நடக்கும், நடந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றும் மறைக்காமல் சொன்னா. நீ பதறவில்லை. "முயற்சி செய்யும்போது எந்தக் கட்டத்தில் நிற்பாட்டி வெட்டுவீர்கள்? அதை முதலே எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டாய். டொக்டர் கதிரையை உன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாய்ச் சொன்னா. போன தடவை உன்னைக் கேட்க நேரமில்லாமல் எல்லாம் நடந்தது. இந்தமுறை நீ கேட்டுக்கொண்டு போனாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்து உன்னைப் பார்த்தேன். எப்போது இவ்வளவு பெரிய ஆளானாய் என்று இருந்தது.

மனோர் பார்க்கில் இருக்கிற உன் மாமி, என் தங்கச்சி, கேள்விப்பட்டதும் ரெலிபோன் எடுத்தாள். "அண்ணை, அவளுக்கு விசரே? ஒருக்கா வெட்டின வயிறு. திருப்பி வெட்டி எடுத்தால் நாளும் தெரியும், நேரமும் தெரியும், எல்லாருக்கும் நிம்மதி" என்று கத்தினாள். நான் ரெலிபோனை உன்னிடம் தந்தேன். நீ பொறுமையாய்ச் சொன்னாய்: "மாமி, எனக்கு அடம் ஒண்டும் இல்லை. வெட்டத்தான் வேணுமெண்டால் வெட்டட்டும். அதிலை எனக்கு வெக்கமும் இல்லை. வீட்டிலை இல்லை மாமி, ஆசுப்பத்திரியிலை, மெசினிலை துடிப்பைப் பாத்துக்கொண்டுதான் பெறப்போறன். எது நடந்தாலும் இந்தமுறை எனக்குத் தெரிஞ்சு நடக்கவேணும், அவ்வளவுதான்." மாமி, "முருகன் பாத்துக்கொள்ளுவான்" என்று வைத்துவிட்டாள்.

நோ வந்த காலையில் செந்தில் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் யாழினியோடு வீட்டில். அவளுக்குச் சோறு தீத்தினேன், படம் கீறினோம், முற்றத்தில் போய் நின்றோம். ரெலிபோனை மடியிலேயே வைத்திருந்தேன். வெயில் சரிகிற நேரம் செந்தில் எடுத்தார். "மாமா, பையன் பொறந்துட்டான். வெட்டல, அவளே பெத்துட்டா" என்றார். நான் "முருகா" என்று கதிரையில் இருந்துவிட்டேன். பிறகு அவருடைய குரல் மாறியது. "ஆனா மாமா, கீழ ரொம்பக் கிழிஞ்சிருக்கு. ரத்தம் நிறையப் போச்சு. தையல் போட தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. இவ்வளவு நேரம் கையப் பிடிச்சுட்டு இருந்தேன், இப்ப வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க. பையன் என் கையில இருக்கான் மாமா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல." நான் திரும்பத் திரும்ப "அவளுக்கு ஒண்டும் நடக்காது தம்பி, பிள்ளையைச் சூடாப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்றுதான் சொன்னேன். அவருக்குச் சொன்னேனா எனக்குச் சொன்னேனா தெரியாது. அன்றைக்கு இருட்டமுன் உன்னை வார்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் நான் தண்ணீர் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தாய். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். "நோமல் டெலிவரிதானே, இனி என்ன, எழும்பித் திரியலாம்" என்றார்கள். மாமியும் வந்து, முறிகண்டிப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்ததைச் சொல்லிவிட்டு, "வெட்டினதெண்டால் படுக்கலாம். நீ ஏன் இன்னும் படுக்கையிலை?" என்று கேட்டாள். அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். உனக்குள் தைத்தது பின்வாசல் தசைவரைக்கும் போன கிழிவு என்று செந்தில்தான் எனக்குத் தனியே சொன்னார். நீ கதிரையில் இருக்கவில்லை. குசினியில் நின்றபடி சாப்பிட்டாய். சரிந்து படுத்தபடி பால் கொடுத்தாய். படி ஏறும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்தாய், மற்றக் கையைப் பழைய தழும்பின் மேல் வைத்துக்கொண்டாய். அந்த இடம் இன்னும் இழுக்கிறது, தொட்டால் மரத்துப்போய்க் கிடக்கிறது என்றாய். மேலே ஒரு காயத்தின் ஞாபகம், கீழே ஒரு புதுக் காயம். சந்தோசம் சொல்ல வந்தவர்களுக்கு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு பொய்யில்லை, நீ உண்மையாகவே சந்தோசமாய்த்தான் இருந்தாய். ஆனால் சந்தோசமாய் இருக்கிற ஆளுக்கு நோகாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நான் சமைத்தேன். அம்மா செய்த சரக்குக் கறியை நாக்கின் ஞாபகத்தை வைத்துச் செய்யப் பார்த்தேன். முதல்நாள் மிளகு கூடிப்போய் நீயும் செந்திலும் இருமினீர்கள். வயிறு இறுகக்கூடாது, தையல் போட்ட இடத்துக்கு அது ஆகாது என்று ஆசுப்பத்திரியில் தந்த இனிப்பான திரவ மருந்தை நீ குடித்தாய். அதற்கேற்ற மாதிரி நானும் கீரையும் பருப்பும் பப்பாசியும் என்று மாறினேன். ரொயிலற்றுக்குப் போகிறதென்றால் உன் முகம் வெளிறிவிடும். கதவுக்கு வெளியே செந்தில் நிற்பார். "மெதுவா, அவசரமே இல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் குசினிக்குக் கேட்கும். ஒரு ஆம்பிளை அப்படிக் கதவோடு நிற்கிறதை நான் என் காலத்தில் கண்டதில்லை.

ஒரு மத்தியானம் நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். நீ வந்து வாசலில் நின்றாய். "அப்பா, ஒண்டு சொல்லவேணும்" என்றாய். "காத்தை அடக்கேலாமல் கிடக்கு. ரொயிலற்றுக்கு எண்டால் உடனை ஓடவேணும், பிந்தினால் உடுப்பு மாத்தவேண்டி வருது. நாளைக்கு ஆக்கள் வரினம் எண்டு சொன்னியள், அவையை இப்ப வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ." எனக்கு எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை. "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டுக்கொண்டு கேத்திலைத் தூக்கினேன். நீ அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாய். "அப்பா, நில்லுங்கோ. நீங்களும் ஓடினால் நான் ஆரிட்டைச் சொல்லுறது?" என்று கேட்டாய்.

மகளே, எனக்கு வயது போன பிறகு ஒருவர் என்னை நிறுத்தி வைத்துப் படிப்பித்தது அந்தக் குசினியில்தான். நான் நின்றேன். நீ சொன்னதைக் கேட்டேன். அழாமல், சிரிக்காமல், ஒரு கணுக்கால் சுளுக்கைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாய். எந்தத் தசை, எப்படிக் கிழிந்தது, எப்படித் தைத்தார்கள், பலருக்குக் காலப்போக்கில் சரிவரும், சிலருக்கு முழுக்கச் சரிவராது, பயிற்சி இருக்கிறது, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். சொல்லி முடிய, "ஆக்களை நான் வரவேண்டாம் எண்டு சொல்லுறன்" என்றேன். "என்ன காரணம் சொல்லுவியள்?" என்று கேட்டாய். "பிள்ளைக்கு நித்திரை" என்றேன். நீ அப்போதுதான் சிரித்தாய். "எனக்குக் காயம் எண்டு சொல்லுங்கோ அப்பா. அது பொய்யில்லையே."

செந்திலின் லீவு முடிந்து அவர் வேலைக்குப் போகத் தொடங்கின பிறகு வந்ததுதான் பெரிய பயம். ஒருநாள் காலையில் நீ போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கினாய். நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது. "தைச்ச இடம் நாளுக்கு நாள் நோக் குறையவேணும் அப்பா, எனக்குக் கூடுது. மணமும் சரியில்லை" என்றாய். நீ ஆசுப்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டபோது, அங்கே எடுத்தவர், பிள்ளை பெற்றவர்களுக்கு இப்படி நோ இருக்கும், அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள் என்றார். நானாக இருந்தால் "தாங்க் யூ" சொல்லி வைத்திருப்பேன். என் வயதில் வந்த அகதிகள் இந்த நாட்டில் அப்படித்தான் பழகினோம். நீ வைக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "எனக்குக் காய்ச்சல் இருக்கிறது. நடுக்கம் இருக்கிறது. பின்தசைவரைக்கும் தைத்த காயம், அதில் நாற்றம் இருக்கிறது. இன்றைக்கு யாராவது அதைப் பார்க்கவேண்டும். யார் பார்ப்பார்கள் என்று சொல்லும்வரை நான் லைனில் நிற்கிறேன்" என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனமாய்ச் சொன்னாய். பல் கிட்டிக்கொண்டிருந்தது உனக்கு. அந்தப் பக்கம் வேறொருவர் வந்தார். உடனே ஆசுப்பத்திரிக்கு வரச் சொன்னார்.

யாழினியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சின்னவனைத் தூக்கிக்கொண்டு உன்னோடு நான் வந்தேன். காயத்தில் கிருமி பிடித்திருந்தது. மேல் தையல் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. நல்லகாலம் உள்ளே தைத்த தசை அப்படியே இருந்தது. நேரத்தோடு வந்தது நல்லது, பிந்தியிருந்தால் இரத்தத்தில் ஏறியிருக்கும் என்று பார்த்த டொக்டர் சொன்னார். உன்னை வார்ட்டில் மறித்து வைத்து, கையில் ஊசி ஏற்றி மருந்து விட்டார்கள். திறந்த இடத்தைத் திருப்பித் தைக்கமாட்டார்கள், அது அடியிலிருந்து தானாக வளர்ந்து மூடவேண்டும் என்றார்கள். அதைக் கேட்டதும்தான் நீ உடைந்தாய். இவ்வளவு நாளும் அழாதவள் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாய். "திருப்பி முதலிலை இருந்தே அப்பா?" என்று கேட்டாய். எனக்கு அம்மாவைப் போலச் சொல்லத் தெரியாது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உன் காலடியில் இருந்தேன். "முதலிலை இருந்து இல்லை பிள்ளை. இப்ப காய்ச்சல் காயுது, நீ அதை நேரத்தோடை கண்டுபிடிச்சிட்டாய்" என்றேன். ஒரு நேர்ஸ் வந்து சின்னவனை உன் பக்கத்தில் படுக்க வைத்தா. நீ அழுதுகொண்டே பால் கொடுத்தாய். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் நித்திரை. நான் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

பிறகு எல்லாம் மெதுவாய்த்தான் நடந்தது. காயம் தன் பாட்டில் மூடியது. பயிற்சி சொல்லித் தருகிறவரிடம் நீ போய்வந்தாய். கீழ்த்தசையை உள்ளே இழுத்துப் பிடித்து, மூச்சை விடாமல் அல்ல, மூச்சை விட்டுக்கொண்டே பிடித்து, பிறகு மெல்லத் தளர்த்துகிற பயிற்சி. வெளியில் பார்க்க ஒன்றும் தெரியாது. கேத்தில் கொதிக்கும்வரை அதைச் செய்வாய், பல்லுத் தீட்டும்போது செய்வாய். அந்த நேரம் உன் முகம் கல்லுப்போல இருக்கும். யாழினி பக்கத்தில் நின்று அதே முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா செய்யிற மாதிரி நானும் செய்யிறன்" என்பாள். வீட்டு வாசல், பிறகு வீதி மூலை, பிறகு கடைத்தெரு என்று நடையைக் கூட்டினாய். ஒருநாள் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற இடத்தில் உன் முகம் மாறியது. பையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாய். அன்று வீட்டிலிருந்து வேலை செய்த செந்தில் உடுப்பை வாங்கிக்கொண்டு போனார். நான் உதவப் போக, "மாமா, இத நான் பாத்துக்கறேன், நீங்க பாப்பாவப் பாருங்க" என்றார். அடுத்தநாளும் நீ அதே கடைக்குப் போனாய். மாற்று உடுப்பை ஒரு பையில் வைத்துக்கொண்டு போனாய். அதே வெண்டிக்காயை வாங்கி வந்தாய். இதைவிடப் பெரிய தைரியத்தை நான் எந்த ஆம்பிளையிடமும் கண்டதில்லை என்று சொன்னால் நீ மறுப்பாய். மறுத்துக்கொள்.

மாமியின் கதையை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்கோ அண்ணை, பேரை மட்டும் போடாதேங்கோ" என்றாள். அது நடந்த அன்றைக்கு அவள் மீன் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். நீயும் அவளும் குசினியில். நான் நடையில் பிள்ளையை ஆட்டிக்கொண்டு நின்றேன். "இன்னும் என்ன பயிற்சி, பிள்ளை பிறந்து எவ்வளவு காலமாச்சு?" என்று அவள் கேட்டாள். எனக்குச் சொன்னதுபோலவே நீ அவளுக்கும் சொன்னாய். இருமினால், தும்மினால், அவசரமென்றால் என்ன நடக்கிறது என்று, ஒன்றையும் சுற்றி வளைக்காமல். மீன் வெட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. பிறகு மாமியின் குரல், நான் ஒருநாளும் கேட்டிராத சின்னக் குரல்: "எனக்கும் அப்பிடித்தான் பிள்ளை. கடைசிப் பெடியன் பிறந்ததிலை இருந்து."

நீ ஐயோ என்று கத்தவில்லை. "எவ்வளவு காலமா மாமி?" என்று மட்டும் கேட்டாய்.

"அவனுக்கு இப்ப தலை நரைக்குது" என்றாள்.

நான் அவளோடு பிறந்து வளர்ந்தவன். கலியாண வீடுகளில் சாப்பாட்டுக்கு நிற்காமல் போவாள். கோயிலில் பூசை முடியமுன் வெளியே வந்துவிடுவாள். ஊர் போகும் பயணங்களுக்கு ஏதாவது சாட்டுச் சொல்லுவாள். அவளுக்குப் பொறுமையில்லை, பெருமை பிடித்தவள் என்று நாங்கள் எல்லோரும் கதைத்திருக்கிறோம். பிள்ளை பெற்றவளுக்கு இது விதி என்று நினைத்து, கட்டின மனிசனுக்கும் சொல்லாமல் அத்தனை வருடமும் துணி மடித்து வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். அதைக் கேட்டு நான் நடையில் அப்படியே நின்றேன். உள்ளே நீ சொன்னாய்: "மாமி, இது விதி இல்லை. இதுக்கு வைத்தியம் இருக்கு. நாளைக்கே உங்கடை டொக்டருக்கு நான் ரெலிபோன் எடுக்கிறன். நானும் வாறன்." நீ போனாய். உனக்கே இன்னும் முழுக்க ஆறாத உடம்போடு, பிள்ளையைக் கட்டிக்கொண்டு, மனோர் பார்க்குக்கு ரெயின் மாறி மாறிப் போய் அவளோடு டொக்டர் அறையில் இருந்தாய். மாமிக்கு முழுக்கச் சரிவரவில்லை. ஆனால் போன மாதம் அவள் தன் பேத்தியின் கலியாணப் பதிவுக்குப் பஸ்ஸில் போய், முழுக்க இருந்து, சாப்பிட்டுவிட்டு வந்தாள். அன்று பின்னேரம் எனக்கு எடுத்து அதைச் சொன்னாள்.

உன் கூட்டத்துக்கு வருகிற ஒரு இளம்பிள்ளை, முதற்பிள்ளைக்கு வெட்டினவள், இரண்டாவதுக்கு எது நல்லது அக்கா என்று உன்னைக் கேட்டபோது நான் பக்கத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நீ என்ன சொல்லப் போகிறாய் என்று காது கொடுத்தேன். "எனக்கு ரெண்டும் நடந்தது. ரெண்டிலையும் காயம் வந்தது, ரெண்டிலையும் பிள்ளை வந்தது. எது நல்லது எண்டு நான் சொல்லேலாது. எல்லாத்தையும் கேட்டுப்போட்டு நீர்தான் முடிவெடுக்கவேணும். எப்பிடிப் பெத்தாலும், பிறகு உம்மைப் பாக்க ஒரு ஆளை இப்பவே பிடிச்சு வையும்" என்றாய். வெட்டாமல் பெற்றது ஒரு வெற்றி என்று நீ சொல்லவில்லை. முன்பு ஒருகாலம் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத என் மகள் எந்த இடத்தில் அந்தத் தோல்வி நினைப்பைக் கழற்றி வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. யாழினி உன்னிடம், "நான் வயித்தாலையோ வந்தனான்?" என்று கேட்டபோது நீ சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, "ஓம், இதுதான் உன்ரை கதவு" என்றாயே, அந்த நேரமாக இருக்கலாம். அவள் அதில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு விளையாடப் போனாள்.

இப்போது நீ வேலைக்குப் போகிறாய். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உன்னைக் கெட்டிக்காரி என்று எல்லோரும் சொல்லுவார்கள், நானும் சொல்லுகிறேன். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் நீயே தூக்கப் போகாதே. களைத்தால் களைத்தேன் என்று சொல். நோ திரும்பி வந்தால் அன்றைக்கே சொல், கந்தோரிலும் சொல். எனக்கு ஒரு ரெலிபோன் எடு. ட்ராமும் ரெயினும் இருக்கிறது, வந்துவிடுவேன். சரக்குக் கறிக்கு மிளகு எவ்வளவு என்று இப்போது எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். செந்தில் சின்னவனைத் தூக்கி வைத்திருந்தார். யாழினி பந்தைத் துரத்திக்கொண்டு வாசல் பக்கம் ஓடினாள். வாசலுக்கு வெளியே வீதி, வாகனங்கள். நான் "பிள்ளை!" என்று கத்தத்தான் நேரம் இருந்தது. சின்னவன் பிறந்த பிறகு நடந்து மட்டுமே திரிந்த நீ, என்னைத் தாண்டிப் போய்விட்டாய். புல்லுக்கு மேலால், சப்பாத்து ஒன்று கழன்று விழ, கைகளை வீசிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஓடினாய். வாசல் கம்பியில் அவளை எட்டிப் பிடித்தாய். அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற பிறகுதான் உனக்கு அது விளங்கியிருக்கவேண்டும். அப்படியே அசையாமல் நின்றாய். உடம்புக்குள் எதையோ தேடிப் பார்க்கிற மாதிரி ஒரு முகம். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாய். தூரத்திலிருந்து மூச்சு வாங்க, பார்க்கில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாய்.

"அப்பா, நான் ஓடினனான்! கண்டியளோ?"

"ஓம் பிள்ளை" என்று நானும் கத்தினேன். "கண்டனான்."

அப்பா